ஹமீதா தைத்துத் தந்த ரவிக்கை

உ
முருகன் துணை

லூபோக் சீனா பக்கத்துத் தோட்டம்,
மலாக்கா.
தாது வருடம், ஆவணி மாதம்.

அருமை மகள் வேலாயிக்கு அம்மா குஞ்சம்மா ஆசி சொல்லி எழுதுவது. மாரியம்மன் கண் திறந்து பார்த்ததில் நானும் உன் அப்பாவும் தம்பி கந்தசாமியும் இங்கே சுகமாக இருக்கிறோம், சுகம் என்ற சொல்லை இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிறுத்தி நினைத்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளை பிச்சைமுத்துவும் என் பேத்தியும் உன் மாமனார் மாமியாரும் அதே போலச் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதம் கப்பலேறி வந்து போன வாரம் தோட்டத்து ஆபீஸ் கிராணி கையால் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்து அடுப்படிப் பானையை எல்லாம் உருட்டுகிறாள் என்று கந்தசாமி படித்ததும் உன் அப்பா லயத்து வீடெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார், ஏதோ இந்தத் தோட்டத்தில் வேறு எந்தப் பிள்ளையும் காலால் நடக்காத மாதிரி.

எழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், இது என் கை. தை மாதத்துக்குப் பிறகு வந்த கடிதமெல்லாம் கந்தசாமி எழுதினது, அம்மாவுக்குக் கையில் சுளுக்கு என்று அவன் போட்டிருந்தான். நீ தோட்டப் பள்ளிக்கூடம் விட்டு வந்து சிலேட்டில் எழுதிக் காட்டக் காட்ட நான் அரிசி களைந்துகொண்டே கற்றுக்கொண்ட எழுத்து இது, கோணலாக இருந்தால் அதற்கு வாத்தியார்தான் பொறுப்பு. இந்த உறைக்குள் இரண்டு தாள் இருக்கிறது. வெளித்தாள் எல்லோருக்கும் எழுதினது, உன் மாமனார் எப்போதும் போலத் தபால்காரருக்கு மோர் கொடுத்து உட்காரவைத்துப் படிக்கச் சொல்லட்டும். உள்ளே மடித்து நூலால் தைத்திருக்கிற இந்தத் தாள் உனக்கு மட்டும். பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்து படி, பாதியில் நிறுத்தாதே, கடைசி வரைக்கும் படி.

ஏனென்றால் நீ கடிதத்தின் அடியில், இடம் மிச்சமிருக்கிறதே என்று எழுதின மாதிரி ஒரு வரி எழுதியிருந்தாய். மாரில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி, வலி ஒன்றும் இல்லை, பால் கட்டிக்கொண்டது என்று அத்தை மல்லிகைப்பூ வைத்துக் கட்டிவிடுகிறார்கள், கவலைப்பட வேண்டாம் என்று. அந்த இடத்தைப் படித்ததும் கந்தசாமி தாளை என் கையில் கொடுத்துவிட்டு மாட்டைப் பார்க்க வெளியே போய்விட்டான். நீ பேத்திக்குப் பால் நிறுத்தினது சித்திரையில். இப்போது ஆவணி. வற்றின மாரில் எங்கேயிருந்து பால் கட்டும் வேலாயி? அதுவும் வலிக்காத கட்டி. வலித்திருந்தால் நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். அந்தச் சுளுக்கு சுளுக்கில்லை. எனக்கும் அதே இடத்தில் கட்டி வந்தது, மலாக்கா ஆஸ்பத்திரியில் வலது மாரை எடுத்துவிட்டார்கள். பயப்படாதே, நான் நன்றாக இருக்கிறேன், இன்று காலையில் மீன் குழம்பு வைத்தேன், உன் அப்பா உப்புக் குறைவு என்று வழக்கம்போலக் குறை சொன்னார். பிள்ளைக்காரியிடம் சொல்லிக் கடல் தாண்டி அழவைக்க வேண்டாம் என்றுதான் நாங்கள் பேசாமல் இருந்தோம். உன்னுடைய அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியாது, அதனால் ஆதியோடு அந்தமாகச் சொல்கிறேன்.

போன தீபாவளி சமயம் என்று வைத்துக்கொள். மழைக்காலம், ரப்பர் மர வெட்டு முடிந்து பால் வாளி இரண்டையும் காண்டாக் கம்பில் மாட்டித் தோளுக்குத் தூக்கும்போது கால் வழுக்கிக் கம்பு நெஞ்சில் இடித்தது. இரண்டு மூன்று நாள் கழித்துக் குளிக்கும்போது கைக்குக் கட்டி தட்டுப்பட்டது. நம் வேலை உனக்குத் தெரியாதா, உடம்பில் எது வந்தாலும் காண்டாதான் காரணம் என்போம், தோள் காய்த்தாலும் காண்டா, முதுகு பிடித்தாலும் காண்டா. நானும் அப்படியே முடிவு கட்டி, கம்பை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டேன். மாற்றினால் தானாகக் கரையும் என்று நினைப்பு. நாள்தோறும் குளிக்கும்போது தொட்டுப் பார்ப்பேன், நேற்றைவிடச் சிறுத்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது சிறுக்கவே இல்லை, என் விரல்தான் பொய் சொல்லப் பழகிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரி சுண்ணாம்பும் மஞ்சளும் பற்றுப் போட்டாள், பத்தாவது மைல்கல் பக்கம் பத்தாங் கட்டையிலிருந்து ஒரு வைத்தியர் வந்தார், தோலை அரிக்கிற காரம் வைத்து எரித்தால் வேரோடு விழும் என்றார். அந்தக் காரத்துக்கு நான் சரி சொல்லாமல் விட்டது என் புத்தியால் இல்லை, அன்றைக்குப் பசு கன்று போட்டது, வைத்தியரை மறந்துவிட்டேன். அந்தக் கன்றுக்கு நான் கடன்பட்டவள், அதற்கு இன்னும் மூக்கணாங்கயிறு போட விடவில்லை.

என்னைக் காப்பாற்றினது யார் என்று கேட்டால் முதலில் ஹமீதாவைத்தான் சொல்வேன். மஸ்ஜித் தானா டவுனில் கைருதீன் பாய் கடை உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சின்னவளாக இருந்தபோது அங்கே சீனிமிட்டாய் வாங்கித் தராவிட்டால் தெருவில் புரளுவாய். பாயின் வீட்டுக்காரி ஹமீதா கடைக்குப் பின்னால் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறது, நம் பசுவின் நெய் மாதாமாதம் அவர்கள் வீட்டுக்குத்தான் போகும். பொங்கலுக்கு உன் அப்பா சிவப்புத் துணி எடுத்துத் தந்தார், அளவு கொடுக்கப் போனேன். அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டே பேசிக்கொண்டிருந்த ஹமீதா ஒரு இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டது. போன வருஷத்து அளவு அதற்கு மனப்பாடம். “என்னக்கா இது, ஒரு பக்கம் உள்ளுக்கு இழுத்திருக்கு, தோலு லீமாவ் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி விழுந்திருக்கு” என்று கேட்டது. நான் காண்டாக் கதையைச் சொன்னேன். ஹமீதா சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, நாகூரில் தன் அக்காவுக்கு இதே போல இருந்ததையும், வெட்கப்பட்டு யாரிடமும் காட்டாமல் கடைசியில் புண்ணாகிப் போனதையும் சொல்லி அழுதது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ரவிக்கை பொறவு தைக்கலாம்க்கா, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து சொல்லுங்க, அதுவரைக்கும் நான் துணியில கத்தரி வைக்க மாட்டேன்” என்றது. பெண்பிள்ளைக்குப் புதுத் துணியை வைத்துக்கொண்டு தராமல் இருப்பதைவிடப் பெரிய மிரட்டல் உண்டா, நீயே சொல்.

உன் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இதை வாய்விட்டுச் சொல்ல நாக்கு வரவில்லை. கடைசியில் அவர் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன், அவ்வளவுதான். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸர் சாமிநாதனின் வீட்டுக்குப் போனார். டிரஸர் தங்கமான மனிதர். நம் தோட்டத்து மருந்து இதற்குப் பற்றாது என்று உடனே சொல்லி, மறுநாள் புகை போட்டுக் காயவைத்த ஷீட் ரப்பர் ஏற்றிப் போகிற லாரியில் டிரைவர் பக்கத்தில் எனக்கு இடம் வாங்கிக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதித் தந்தார். அப்பா பின்னால் ரப்பர்க் கட்டுமேல் உட்கார்ந்து வந்தார். மலாக்கா போய் இறங்கும்போது அவர்மேல் அடித்த புகை வாசத்தில் வாசல்காரன் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார லேடி டாக்டர் பார்த்தார்கள், எனக்குக் கூச்சத்தில் உடம்பு குறுகிப்போயிற்று. கூடவே ஒரு யாழ்ப்பாணத்து நர்ஸம்மா நின்று எல்லாவற்றையும் தமிழில் சொன்னார்கள், அவர்கள் பேச்சே தாலாட்டு மாதிரி இருக்கும். “பயப்பிடாதேயுங்கோ அம்மா, பார்த்தாத்தானே தெரியும்” என்று என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அந்த டாக்டர் எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா, நாம் செய்கிற மாதிரி இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்கவில்லை, விரல்களைத் தட்டையாக வைத்து நெஞ்செலும்போடு சேர்த்து அழுத்தி வட்டமாகத் தடவினார்கள், பிறகு அக்குளுக்குள் கைவிட்டு அங்கே நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள், பிறகு கையைத் தூக்கச் சொல்லித் தோல் எங்கே இழுக்கிறது என்று பார்த்தார்கள். அது முடிந்ததும் ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் வந்தார். புற்று என்று சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பாம்புப் புற்றுதான் கண்ணில் வந்தது, ஊரில் பால் ஊற்றுவோமே, அதுதான். இங்கே என் மாரே புற்றாகிவிட்டதா என்று நினைத்து, அழ வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. நர்ஸம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்கள்.

இனிமேல் சொல்வதை நன்றாகக் கவனி. பெரிய டாக்டர் எங்களுக்கு வழிகளைப் பிரித்துச் சொன்னார், நர்ஸம்மா தமிழாக்கினார்கள். காரம் வைத்து எரித்தால் மேலே தோல்தான் வெந்து போகும், உள்ளே இருக்கிறது உள்ளேயே இருக்கும், அதைக் கனவிலும் செய்யாதே என்றார். சிங்கப்பூரில் ரேடியம் என்று ஒரு பொருள் இருக்கிறதாம், அதை ஊசிக்குள் அடைத்துக் கட்டியைச் சுற்றிச் செருகி வைத்தால் கட்டி சுருங்குமாம், கத்தி தாங்காத உடம்புக்கும் நெஞ்சோடு ஒட்டிப்போன கட்டிக்கும் அது உதவும் என்றார். என்னுடையது இன்னும் நெஞ்சோடு ஒட்டவில்லை, அசைகிறது, அதனால் கத்திதான் நல்லது, மாரையும் அதன் கீழே இருக்கிற சதையையும் அக்குளில் இருக்கிற நெறிகளையும் சேர்த்து எடுக்க வேண்டும், எடுத்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மிச்சம் மீதியைச் சுட ஒளி வைக்க வேண்டும் என்றார். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடக் கூடாதா என்று கேட்டேன், கூடாது என்று தலையை ஆட்டினார். மறுபடி பால் வெட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்தக் கை முன்னைப் போலத் தூக்காது, வீங்கவும் செய்யும், சாப்பிடவும் எழுதவும் வரும், காண்டா தூக்க வராது என்று ஒளிக்காமல் சொன்னார். ஒளிக்காமல் சொன்னதற்காகவே அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

அன்றைக்கு மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன். நம் மரத்துப் பட்டையில் மழைக்காலத்தில் கறுப்புக் கோடு விழுந்து அழுகுமே, அப்போது என்ன செய்வோம்? கறுப்பு இருக்கிற இடத்தை மட்டும் கீறி விடுவோமா? நல்ல பட்டை தெரிகிற வரைக்கும் சுற்றிச் சுற்றிச் சுரண்டி எடுத்துவிட்டுத் தார் பூசுவோம். பார்க்க ஐயோ பாவமாக இருக்கும், ஆனால் மரம் நிற்கும். சுரண்ட மனம் வராமல் விட்ட மரம் அடுத்த மழைக்கு நிற்காது. இத்தனை வருஷம் அந்த வேலையை நானே செய்தவள், என் முறை வரும்போது மட்டும் கொஞ்சமாகச் சுரண்டுங்கள் என்று கேட்பது என்ன நியாயம் என்று தோன்றியது. அப்பாவிடம் சொன்னேன். அவருக்குச் சம்மதமா என்று நர்ஸம்மா கேட்டபோது உன் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, “எடுக்கட்டும்மா. ஆளு இருந்தா போதும்லா எனக்கு” என்றார். இத்தனை வருஷத்தில் உன் அப்பா என்னிடம் ஆசையாகப் பேசினதில்லை என்று நான் குறைப்படுவேன் இல்லையா, அந்தக் குறை அன்றோடு தீர்ந்தது.

ஆபரேஷனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, மூக்கில் மருந்துத் துணி வைத்தார்கள், மாரியாத்தா என்று சொன்னேன், அதற்குமேல் நினைவில்லை. கண் விழித்தபோது நெஞ்சைச் சுற்றிப் பெரிய கட்டு, யானை மிதித்த மாதிரி பாரம். பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனத்து அம்மா இருந்தது, எனக்கு மலாய் அரைகுறை, அதற்கும் அரைகுறை, இரண்டு அரையும் சேர்ந்து ஒரு முழுச் சிநேகமாகிவிட்டது. அதற்கும் இதே கட்டிதான். வெட்டிக்கொள்ளப் பயந்து ஊர் வைத்தியரிடம் வருஷக்கணக்காகப் பொடி வாங்கிச் சாப்பிட்டு, கட்டி நெஞ்சோடு ஒட்டின பிறகு வந்திருக்கிறது. டாக்டரால் வலிக்குத்தான் மருந்து கொடுக்க முடிந்தது. என் கட்டை மாற்றும்போதெல்லாம் அது எட்டிப் பார்த்து, “பாகோஸ், பாகோஸ்” என்று சொல்லும், நல்லது, நல்லது என்று அர்த்தம். தனக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்ததே என்று ஒரு துளி பொறாமை அந்த முகத்தில் இல்லை. நான் வீட்டுக்குப் புறப்படும்போது அதன் ஆரஞ்சுப் பழத்தை என் முந்தானையில் முடிந்துவிட்டது. இப்போது அது இல்லை. விளக்கு ஏற்றும்போது அதற்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

எடுத்த நெறிகளில் ஒன்றில் நோய் ஏறியிருந்தது என்று சொன்னார்கள், அதனால் சிங்கப்பூருக்குப் போய் ஒளி வைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். எங்கே போவது, யார் இருக்கிறார்கள் அங்கே என்று நான் மலைத்தபோது ஹமீதா புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டு தானும் புறப்பட்டது. அங்கே அதன் தம்பி ரஹீம் மளிகைக் கடை வைத்திருக்கிறார், கடைக்கு மேலே வீடு. தம்பினில் ரயில் ஏறிப் போனோம். ஒளி என்றால் ஒன்றும் தெரியாது, ஒரு மேஜையில் படுக்க வைத்து எல்லோரும் வெளியே போய்விடுவார்கள், மேலே ஒரு மிஷின் வண்டு மாதிரி முரலும், வலி இல்லை, சூடும் இல்லை. ஆனால் நாளாக ஆகத் தோல் வெயிலில் கிடந்த மாதிரி கறுத்து எரிந்தது, சோறு வாசனை பட்டாலே குமட்டும். ரஹீமின் வீட்டுக்காரி மரியம் எனக்கென்று தனியாகக் கஞ்சி காய்ச்சி, மாட்டிறைச்சி சமைத்த பாத்திரம் எதுவும் என் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டது. நான் கேட்கவே இல்லை. அவர்கள் வீட்டில் தொழுகை முடிந்து கை ஏந்தும்போது என் பெயரும் அதில் இருந்தது என்று ஹமீதா ரயிலில் வரும்போது சொன்னது. எந்தச் சாமி கேட்டது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் ஒரு கற்பூரம் ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரிய கூத்து. வலது கை இடுப்புக்குமேல் வரவில்லை. நர்ஸம்மா சொல்லி அனுப்பினபடி சுவரோரம் நின்று விரல்களைப் பூரான் மாதிரி சுவரில் ஏறவிட வேண்டும், எட்டின இடத்தில் உன் அப்பா அடுப்புக்கரியால் கோடு போடுவார். நம் லயத்துச் சுவர் இப்போது கோடு கோடாக இருக்கிறது, போன மாதம் சுண்ணாம்பு அடிக்க வந்த ஆளை அப்பா அந்தச் சுவரைத் தொட விடவில்லை. தலை வாரிக் கொண்டை போட என்னால் முடியாது அல்லவா, அதற்கும் அப்பாதான். முதல் நாள் அவர் போட்ட கொண்டையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குழாயில் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள், மூங்கில் கூடைக்குக் கயிறு கட்டினது போல இருந்தது. அவர் விடவில்லை, இப்போது தேறிவிட்டார். காண்டா தூக்க முடியாததால் எனக்கு ஸ்டோரில் ரப்பர்ச் சக்கை பொறுக்குகிற வேலை கொடுத்திருக்கிறார்கள், உட்கார்ந்த வேலை. என் நிரை மரங்களைக் கந்தசாமி வெட்டுகிறான், என் மரத்தில் அவன் உளி ஆழமாகப் போகிறதா என்று நான் போய்ப் பார்ப்பேன், அவனுக்குக் கோபம் வரும்.

ஹமீதா அந்தச் சிவப்புத் துணியில் சொன்னபடி கத்தரி வைத்தது, நான் திரும்பி வந்த பிறகுதான் வைத்தது. ரவிக்கையைப் போட்டுப் பார்த்தேன், வலது பக்கம் உள்ளே ஒரு பை தைத்து அதில் இலவம்பஞ்சு அடைத்து, தோளிலிருந்து நாடா கொடுத்து, இரண்டு பக்கமும் ஒரே அளவாக நிற்கிறது. துவைக்கும்போது பஞ்சை எடுத்துவிட வேண்டும் என்று பொத்தானும் வைத்திருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் வராத அழுகை. ஹமீதா என் தோளைத் தட்டி, “இப்ப பாருங்கக்கா, ரெண்டும் சரிக்குச் சரி, கடவுள் கொடுத்தப்பகூட இவ்வளவு சரியா இல்ல” என்றது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சத்தத்தில் கைருதீன் பாய் கடையிலிருந்து என்னவோ ஏதோ என்று குரல் கொடுத்தார். அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு ஆடித் திருவிழாவில் கஞ்சி ஊற்றினேன். ஒருவரும் ஒரு மாதிரி பார்க்கவில்லை.

இனி நான் இத்தனை வருஷம் இருப்பேன் என்று யாரும் எனக்கு எழுதித் தரவில்லை, சில மாதத்துக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள், போய்க்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. காலையில் எழுந்து கோழியைத் திறந்து விடும்போது, இதுவும் கிடைத்ததே என்று இருக்கிறது. எனக்கு இப்போது இருக்கிற ஒரே கலக்கம் நீதான். கடைசியாகக் காட்டப் போனபோது லேடி டாக்டர் என்னிடம், மகள் இருக்கிறாளா என்று கேட்டார்கள். ஒருத்தி இருக்கிறாள், தோட்டங்களில் ஆள் குறைத்த சமயத்தில் புருஷனோடு ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். தாய்க்கு வந்திருந்தால் மகள் அசட்டையாக இருக்கக் கூடாது, எழுதிச் சொல்லுங்கள் என்றார்கள். எப்படி எழுதுவது என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது.

ஆகையால் தாயி, மல்லிகைப்பூவைத் தலையில் வைத்துக்கொள், மாரில் வைக்காதே. கட்டியைக் கிள்ளாதே, அழுத்தாதே, உருவாதே, யார் சொன்னாலும் காரம் வைக்க விடாதே. திருச்சிராப்பள்ளியில் பெண்களுக்கென்று மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறதாமே, அங்கே லேடி டாக்டர்தான் பார்ப்பார்கள் என்று நர்ஸம்மா சொன்னார்கள், அங்கே போ. எல்லாக் கட்டியும் இந்தக் கட்டி இல்லை, பத்துப் பேர் வந்தால் முக்கால்வாசிப் பேரைச் சும்மா அனுப்பிவிடுவோம் என்று லேடி டாக்டரே சொன்னார்கள், உன்னுடையது வெறும் கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கும் என்று என் மனது சொல்கிறது. ஆனால் என் மனது காண்டா இடித்தது என்றும்தான் சொன்னது, அதை நம்பாதே. நமக்குத் தெரியாததைப் பார்க்கிறவர்கள் பார்த்துச் சொல்லட்டும். அம்மாவுக்கு இப்படி இருந்தது, எடுத்தார்கள், ஒளி வைத்தார்கள் என்று முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடு, மறைக்காதே.

உன் மாமியாரைக் குறை சொல்லாதே. நல்லது செய்கிறோம் என்றுதான் பூ வைத்தார்கள், நானே என் கட்டிக்குச் சுண்ணாம்பு போட்டவள்தானே. அவர்களையும் கூட்டிக்கொண்டு போ. வெளித்தாளில் சம்பந்தியம்மாவுக்கு, மகளுக்கு உடம்பு சரியில்லாததால் நீங்களே கூட இருந்து திருச்சிக்கு அழைத்துப்போய்க் காட்ட வேண்டும், உங்களை விட்டால் அவளுக்கு அங்கே யார் தாய் என்று எழுதியிருக்கிறேன். அதைத் தபால்காரர் நாலு பேர் முன்னால் படித்த பிறகு அவர்கள் மாட்டேன் என்று சொல்ல முடியாது, உன் அம்மா கொஞ்சம் கெட்டிக்காரிதான். மாப்பிள்ளையிடம் நீயே சொல். வாய் வராவிட்டால் நான் செய்த மாதிரி கையைப் பிடித்து வை. உன் அப்பா மாதிரி ஒரு ஆள் எனக்கு வாய்த்தது போல உனக்கும் வாய்த்திருக்கும், பிச்சைமுத்து முகத்தைப் பார்த்தபோதே எனக்கு அந்த நம்பிக்கை இருந்தது.

ஒரு சங்கதி சொல்கிறேன், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். போன வெள்ளிக்கிழமை வீட்டில் யாரும் இல்லாதபோது கையைத் தூக்கிப் பார்த்தேன், பிடரிக்கு எட்டிவிட்டது. வலித்தது, ஆனாலும் நானே வாரி நானே கொண்டை போட்டேன். கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் அவிழ்த்துவிட்டுச் சீப்போடு உட்கார்ந்துகொண்டேன். இன்னும் கொஞ்ச நாள் அவரே போடட்டும்.

பேத்திக்கு என் முத்தம். அவள் காலுக்கு வெறும் கயிறாவது கட்டு, கொலுசுக்கு அப்பா பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். உன் மாமனார் மாமியாருக்கு எங்கள் கும்பிடு. மாரியம்மன் உன்னைக் கண்ணிமை போலக் காப்பாள், ஹமீதாவும் அவர்கள் தொழுகையில் உன் பெயரைச் சேர்த்திருக்கிறது. திருச்சிக்குப் போய்விட்டு வந்த அன்றே எனக்கு எழுது, இல்லை என்றார்கள் என்றாலும் எழுது, ஆம் என்றார்கள் என்றாலும் எழுது. ஆம் என்றால் எடுத்துக்கொள்ளத் தயங்காதே. நீ கைக்குழந்தையாக இருந்தபோது இடது பக்கம் வைத்தால் வாயை மூடிக்கொண்டு அழுவாய், வலது பக்கம்தான் குடிப்பாய், அப்படியே வளர்ந்தாய். அந்தப் பக்கத்தைத்தான் எடுத்தார்கள். நீ குடித்த இடம் போய்விட்டதே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொஞ்சம் கலங்கினேன், ஒளிக்க மாட்டேன். அது இல்லாமல் இருந்து பார்த்துவிட்டேன் வேலாயி, இருக்க முடிகிறது. நீ இல்லாமல் இருக்க என்னால் முடியாது.

உன் நலத்தையே நினைத்திருக்கும்
அம்மா,
கா. குஞ்சம்மா (என் கையாலேயே)